‘நான் எப்பவுமே இப்படித்தான்!’

மனச்சோர்வும் இருமுனைக் கோளாறும் ஒருவரின் கடந்த காலத்தை என்ன செய்கின்றன?

மனச்சோர்வில் இருக்கும் ஒருவரிடம், “கடைசியா எப்ப சந்தோஷமா இருந்தீங்க?” என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், “நான் எப்பவுமே இப்படித்தான்.” பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவோ கணவரோ பதறிப்போய் மறுப்பார்கள். “ஐயோ டாக்டர், இவ அப்படியே கிடையாது. காலேஜ்ல எதுன்னாலும் முதல் ஆளா நிப்பா. போன வருஷம் தங்கச்சி கல்யாணத்துல விடிய விடிய ஆட்டம் போட்டா.” சம்பந்தப்பட்டவர் அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருப்பார். யாரோ ஒருத்தியைப் பற்றிய பேச்சு என்று அவருக்குத் தோன்றும். மனநலப் புறநோயாளிப் பிரிவில் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்திருந்தால் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்க்கலாம்.

அவர் பொய் சொல்லவில்லை, அடம்பிடிக்கவும் இல்லை. அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் இருப்பது அவ்வளவுதான்.

மனநிலைக் கோளாறு என்றதும் தூக்கம் கெடுவது, பசி போவது, அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை என்று அறிகுறிகளை அடுக்குகிறோம். இருமுனைக் கோளாறு என்றால் தூக்கமே வேண்டாத உற்சாகம், கட்டுக்கடங்காத செலவு, ஓயாத பேச்சு ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். இவையெல்லாம் வெளியிலிருந்து பார்த்தாலே தெரிபவை. நோய் உள்ளே செய்யும் இன்னொரு வேலை யார் கண்ணிலும் படுவதில்லை. அது ஞாபகங்களில் கைவைக்கிறது. ஞாபகங்களின் வழியே, ‘நான் இன்னார்’ என்று ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் கணக்கையே மாற்றி எழுதிவிடுகிறது. மாத்திரை வேலை செய்து தூக்கமும் பசியும் திரும்பிய பிறகும் பலருக்கு அந்தக் கணக்கு மாறுவதில்லை. இந்த நோய்களின் ஆகக் கொடிய பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். வீட்டில் இருப்பவர்கள் உண்மையிலேயே உதவக்கூடிய இடமும் இதில்தான் இருக்கிறது.

ஒரு சொல், ஒரு நிமிடம்

1986-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மார்க் வில்லியம்ஸ் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றிய பிராட்பென்ட்டும் ஒரு சோதனை நடத்தினார்கள். தற்கொலைக்கு முயன்று உயிர் பிழைத்து மருத்துவமனையில் இருந்தவர்களிடம் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்கள். மகிழ்ச்சி, பாதுகாப்பு, கோபம், வருத்தம் என்று சாதாரணச் சொற்கள்தான். அந்தச் சொல் ஞாபகப்படுத்தும் ஒரு சம்பவத்தை, ஏதோ ஒரு நாளில் ஏதோ ஓர் இடத்தில் நடந்ததை, அவர்கள் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு நிமிடம் அவகாசம்.

இந்தச் சோதனை நம் ஊரில் நடந்தால் எப்படியிருக்கும் என்று பார்க்கலாம். ‘மகிழ்ச்சி’ என்றதும் நோயில்லாத ஒருவர் இப்படிச் சொல்லக்கூடும்: “போன ஞாயித்துக்கிழமை பையன் முதல் தடவையா சைக்கிள்ல கீழ விழாம தெருமுனை வரைக்கும் போனான். அங்க நிறுத்தி, ஒரு காலை ஊனிக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.” மனச்சோர்வில் இருப்பவரின் பதில்: “பையன்கூட இருக்கும்போது.” சரி, ஒரு நாளைச் சொல்லுங்கள் என்று தூண்டினால், “சாயங்காலம் அவன் ஸ்கூல்விட்டு வரும்போதெல்லாம்.” இன்னும் ஒருமுறை கேட்டால் மௌனம்.

இந்த இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாமவருக்கும் மகன்மேல் பாசம் இருக்கிறது. அவனால் சந்தோஷம் உண்டு என்பதும் தெரிகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இல்லை. தெருமுனை இல்லை. ஊன்றிய கால் இல்லை. சந்தோஷம் என்று ஒன்று இருந்ததாகத் தகவல் இருக்கிறது, அதை அனுபவித்த நாள் கைக்கு அகப்படவில்லை. வில்லியம்ஸ் கண்டதும் இதைத்தான். குறிப்பாக, நல்ல சொற்களைக் கொடுத்தபோது அந்த நோயாளிகள் தடுமாறினார்கள், நேரம் எடுத்துக்கொண்டார்கள், பொதுப்படையாகச் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். மனச்சோர்வுள்ளவர்களிடமும், மனநிலை தேறி வீட்டுக்குப் போனவர்களிடமும்கூட இதே பழக்கம் இருப்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. இருமுனைக் கோளாறு உள்ளவர்களிடமும் இது காணப்பட்டது.

மனச்சோர்வு வந்தவர்களுக்குக் கெட்டது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். அது பாதி உண்மை. கெட்ட ஞாபகங்கள் சுலபமாக மேலே வருகின்றன, சரி. ஆனால் அவையும் பொதுப்படையாகத்தான் வருகின்றன. “அன்னைக்கு ஆபீஸ்ல சார் எல்லார் முன்னாடியும் ஃபைலைத் தூக்கி மேஜைமேல போட்டார்” என்பது ஒரு சம்பவம். அதற்கு ஒரு காரணம் உண்டு, அடுத்த நாள் சமாதானமும் ஆகியிருக்கலாம். “எல்லாரும் என்னை மட்டமாத்தான் நடத்துவாங்க” என்பது தீர்ப்பு. தீர்ப்போடு யாரும் விவாதிக்க முடியாது, ஏனென்றால் அதில் தேதி இல்லை, சாட்சி இல்லை. இப்படிப்பட்ட தீர்ப்புகள் நாலைந்து சேர்ந்தால் போதும், அதுவே ‘நான்’ ஆகிவிடுகிறது.

ஏன் பாதியிலேயே நிற்கிறது?

தன்வாழ்வு ஞாபகம் அடுக்கடுக்காக இருக்கிறது என்று பிரிட்டிஷ் உளவியலாளர் மார்ட்டின் கான்வே விளக்கினார். மேலே ‘திருச்சியில் வேலை பார்த்த காலம்’ போன்ற பெரிய பகுதிகள். அதற்குக் கீழே ‘ஞாயிறுதோறும் காவிரிக்குப் போவது’ போன்ற திரும்பத் திரும்ப நடந்தவை. அடியில், ஒரு குறிப்பிட்ட ஞாயிறு, அன்று காலில் பட்ட தண்ணீரின் குளிர்ச்சி. தேடும் மனம் பெரும்பாலும் மேலிருந்து கீழே இறங்குகிறது. மனச்சோர்வில் அது இரண்டாம் படியில் நின்றுவிடுகிறது.

நின்றுபோவதற்கு மூன்று காரணங்களை வில்லியம்ஸும் மற்றவர்களும் 2007-ல் தொகுத்துச் சொன்னார்கள். ஒன்று, அசைபோடுதல். ‘எனக்கு ஏன் இப்படி ஆகிறது, என்னிடம் என்ன கோளாறு’ என்று ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றி வருவது. அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹெக்செமா வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தது இந்தப் பழக்கத்தைத்தான். 1989-ல் சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தைப் பூகம்பம் உலுக்கியபோது, அதற்குச் சில நாள் முன்புதான் அவர் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம் இந்தப் பழக்கத்தை அளந்து வைத்திருந்தார். முன்பே அசைபோடும் இயல்பு இருந்தவர்களிடம் பூகம்பத்துக்குப் பிறகு மனச்சோர்வு அதிகம் காணப்பட்டது. இரண்டாவது காரணம், வலியிலிருந்து ஒதுங்குவது. அடி ஆழம்வரை இறங்கினால் அங்கே சுடும் என்று சிறு வயதிலேயே கற்றுக்கொண்ட மனம், எல்லாக் கிணற்றிலும் மேல்படியிலேயே நின்றுகொள்கிறது. மூன்றாவது எளிது. தேடுவதற்குத் தெம்பு வேண்டும், சோர்ந்த மனதுக்கு அது குறைவு.

மூளையின் கதையும் உண்டு. ஞாபகங்களைச் சேர்த்துக் கட்டும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி மனச்சோர்வு உள்ளவர்களிடம் சற்றுச் சிறியதாக இருப்பதாக 2016-ல் பல நாடுகளின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வு சொன்னது. சராசரி வித்தியாசம் ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ‘மூளை சுருங்கிவிட்டது’ என்று பயமுறுத்தும் வாட்ஸ்அப் செய்திகளை நம்ப வேண்டியதில்லை.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1982-ல் டேவிட் கிளார்க்கும் ஜான் டீஸ்டேலும் வெளியிட்ட சிறிய ஆய்வு. மனச்சோர்வுள்ள சிலருக்கு ஒரே நாளிலேயே மனநிலை ஏறி இறங்கும். பலருக்குக் காலைதான் மோசம், மாலையில் கொஞ்சம் இளகும். அப்படிப்பட்டவர்களை இரண்டு வேளையிலும் சோதித்தார்கள். மனம் கனத்திருந்த வேளையில் துயரமான ஞாபகங்கள் அதிகம் வந்தன. இளகிய வேளையில் நல்ல ஞாபகங்கள் வந்தன. ஆள் அதே ஆள். கடந்த காலமும் அதே கடந்த காலம். இடையில் ஓடியது சில மணி நேரம்தான்.

காலை பத்து மணிக்கு மருத்துவர் முன்னால் உட்கார்ந்து ஒருவர் சொல்லும் வாழ்க்கை வரலாறு, மாலை ஆறு மணிக்கு அதே மனிதர் சொல்வதிலிருந்து மாறுபடலாம். இதை மருத்துவர்கள் அறிவார்கள். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் வாய்மொழியோடு நிறுத்தாமல், ஆண்டுவாரியாகக் கோடு போட்டு வரைபடம் தயாரிக்கிறார்கள். எந்த மாதம் தூக்கம் குறைந்தது, எந்த மாதம் வேலைக்குப் போனார், எப்போது மாத்திரை மாறியது என்று நோயாளியும் குடும்பமும் சேர்ந்து நிரப்புவது. 1899-ல் பித்துநிலையையும் மனச்சோர்வையும் ஒரே நோயின் இரு முகங்களாகச் சேர்த்த ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்லின் காலத்திலிருந்தே வருகிற முறை இது. கோடு போட்டு முடித்ததும் நோயாளிகள் திகைத்துப்போவதுண்டு. பத்து வருடமும் நரகம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அதில் ஏழு வருடம் கோடு நேராகப் போயிருப்பதைக் காண்கிறார். நெரிசலான நம் அரசு மருத்துவமனைகளில் இதற்கு நேரம் கிடைப்பது அரிது. ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் வீட்டிலேயே தொடங்கிவிட்டு மருத்துவரிடம் எடுத்துப்போகலாம்.

நேற்று இல்லாதவருக்கு நாளை

கனடாவில் 1981-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளை அடிபட்ட ஒருவரை என்டெல் டல்விங் என்ற ஆய்வாளர் பல்லாண்டு காலம் கவனித்தார். மருத்துவ இலக்கியத்தில் ‘கே.சி.’ என்று பெயர்பெற்ற அந்த மனிதருக்குத் தன் வீட்டு முகவரி தெரியும், சதுரங்கம் ஆடத் தெரியும். ஆனால் வாழ்நாளில் நடந்த ஒரே ஒரு சம்பவத்தைக்கூட அவரால் மனதில் திரும்ப நடத்திப் பார்க்க முடியவில்லை. டல்விங் அவரிடம் நாளைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டபோதும் அதே வெறுமைதான் பதிலாக வந்தது. நடந்ததைக் காணும் கண்ணும் நடக்கப்போவதைக் காணும் கண்ணும் ஒன்றே என்ற எண்ணம் இதிலிருந்துதான் வலுப்பெற்றது.

கே.சி.யின் நிலை மிக அரிதானது, மனச்சோர்வை அதோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் வில்லியம்ஸ் குழு 1996-ல் வெளியிட்ட ஆய்வு அந்தத் திசையில்தான் போனது. தற்கொலை எண்ணம் கொண்டவர்களில் கடந்த காலத்தைப் பொதுப்படையாகச் சொன்னவர்கள், எதிர்காலத்தையும் பொதுப்படையாகவே கற்பனை செய்தார்கள். “எல்லாம் சரியாகிவிடும்” என்று நாம் ஆறுதல் சொல்கிறோமே, அது அவர்கள் மனதில் எதையும் வரைவதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை என்ற ஒன்றை அவர்களால் பார்க்க முடிவதில்லை. விரக்தி என்பது எதிர்காலத்தைப் பற்றிய கருத்து என்று நினைத்திருந்தேன். கண்ணுக்கு எதிரே எந்தக் காட்சியும் எழாத நிலையும் விரக்திதான் என்பது இந்த ஆய்வைப் படித்தபோது புரிந்தது.

“உனக்கென்ன குறைச்சல்?”

நம் வீடுகளில் இதற்குச் சொல்லப்படும் மருந்து ஒன்று உண்டு. “உனக்கென்ன குறைச்சல்? தங்கமான புருஷன், லட்டு மாதிரி ரெண்டு பிள்ளைங்க, கைநிறையச் சம்பளம்.” சொல்பவர்களின் பாசத்தில் சந்தேகமில்லை. ஆனால் இது ஒரு பொதுப்படையான தீர்ப்புக்கு எதிராக வைக்கப்படும் இன்னொரு பொதுப்படையான தீர்ப்பு. கேட்பவருக்கு இது குற்றப்பத்திரிகையாகவே போய்ச் சேர்கிறது: இத்தனை இருந்தும் சந்தோஷமாக இருக்கத் தெரியாத ஜென்மம் நான்.

சரி, பழைய நல்ல ஞாபகங்களைக் கிளறிவிட்டால்? அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. யூட்டா யோர்மன் குழுவினர் 2007-ல் சோதித்தபோது, மனச்சோர்வே வராதவர்களுக்கு நல்ல ஞாபகம் மனதைத் தேற்றியது. நோயில் இருந்தவர்களுக்குத் தேற்றவில்லை, முன்பைவிடச் சற்று வாட்டவே செய்தது. காரணம் ஊகிக்கக் கூடியது. ‘அப்போது அப்படி இருந்தேன், இப்போது பார்’ என்று அந்த ஞாபகமே தராசாகி நிற்கிறது. பிரான்சில் 2006-ல் நடந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. மனச்சோர்வுள்ளவர்கள் தங்கள் நல்ல ஞாபகங்களைத் தம் கண்வழியே பார்க்காமல், ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பவர்போலப் பார்க்கும் போக்கு அதிகம். கல்யாண மண்டபத்தில் ஆடியவள் அங்கே தெரிகிறாள், ஆடிய கால்களின் களைப்பு தெரிவதில்லை.

இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி ஆஸ்திரேலியாவில் கிடைத்தது. சிட்னியில் அலிசா வெர்னர்-சீட்லரும் மிஷெல் மோல்ட்சும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், நல்ல ஞாபகத்தை எப்படி நினைப்பது என்பதை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு அதன் காரணத்தையும் அர்த்தத்தையும் யோசித்தது. இன்னொரு குழு அதன் விவரங்களில் நின்றது, அதாவது என்ன நடந்தது, எப்படி நடந்தது, கண்ணில் என்ன பட்டது, காதில் என்ன விழுந்தது என்பதில். மனதைத் தேற்றியது இரண்டாவது வழிதான். ‘அப்போ நீ எவ்வளவு சந்தோஷமா இருந்தே தெரியுமா?’ என்ற பேச்சு தராசைத் தூக்கிப் பிடிக்கிறது. ‘கொடைக்கானல்ல பஸ் பழுதாகி நின்னப்போ ரோட்டோரக் கடையில மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோமே, அந்தக் கடைக்காரம்மா உனக்கு மட்டும் ஒண்ணு சேர்த்துக் குடுத்துச்சே’ என்ற பேச்சு ஒரு நாளைத் திருப்பிக் கொடுக்கிறது. அதில் சந்தோஷம் என்ற சொல்லே தேவையில்லை.

இதையே பயிற்சியாக மாற்றியவர்கள் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் பிலிப் ரேஸும் மற்றவர்களும். 2009-ல் உள்நோயாளிகளின் சிறு குழுவோடு தொடங்கினார்கள். வாரம் ஒருமுறை கூடுவது, ஒரு சொல்லை எடுத்துக்கொள்வது, எந்த நாள், எந்த இடம், யார் இருந்தார்கள், என்ன வாசனை என்று சம்பவத்தின் அடிவரை இறங்குவது. வீட்டுப்பாடமாக, தினமும் அன்றைய நாளில் நடந்த ஒன்றைக் குறித்து வைப்பது. சொற்களும் நல்லவை, கெட்டவை இரண்டும்தான். நல்லதை மட்டும் நினை என்று யாரும் சொல்லவில்லை.

இந்தப் பயிற்சி ஈரானுக்குப் போனது. போரில் தந்தையை இழந்து, அகதிகளாக வந்து, மனச்சோர்வில் இருந்த ஆப்கானிஸ்தான் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ஐந்து வாரம் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெறாதவர்களைவிட இவர்களிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது. தகப்பன் செத்த நாளை மறக்க ஆசைப்படும் ஒரு பிள்ளையிடம், உன் நாட்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல் என்று கேட்பது முரட்டுத்தனமாகத் தோன்றலாம். அந்த ஒரு நாளை மூடி வைக்கப்போய் அப்பாவோடு கழிந்த மற்ற நாட்களும் சேர்ந்து மூடிப்போயிருந்தன என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த முரட்டுத்தனத்தின் நியாயம் விளங்கும்.

அற்புத மருந்து கிடைத்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். பின்னால் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, ஞாபகம் தெளிவடைவது நிச்சயமாகத் தெரிந்தது. மனச்சோர்வு குறையும் பலனோ நாள் போகப் போகத் தேய்ந்திருந்தது. மாத்திரைக்கும் பேச்சுச் சிகிச்சைக்கும் துணையாக நிற்கக் கூடியது, அவற்றின் இடத்தை எடுத்துக்கொள்ள முடியாதது.

ஆல்பத்தில் சிரிப்பவர் யார்?

இருமுனைக் கோளாறில் கதை வேறு. இங்கே மறதியைவிட, ஞாபகம் யாருடையது என்ற கேள்விதான் பெரிது.

என் உறவினர் ஒருவர் தன் கல்யாண ஆல்பத்தைத் தொடுவதே இல்லை. முப்பது வயதில் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம் அவர் தூங்கவே இல்லை. பந்தல்காரரோடு சேர்ந்து கம்பு கட்டினார். நாதஸ்வரக் குழுவுக்குப் பேசியதற்குமேல் இரண்டு மடங்கு கொடுத்தார். மண்டப வாசலில் நின்று, தெருவில் போனவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துவந்து இலைபோட்டு உட்காரவைத்தார். “மாப்பிள்ளை தங்கம்” என்று ஊரே சொன்னது. நானும் அந்தப் பந்தியில் இருந்தேன், அப்படி மனம் நிறைந்து உபசரித்த மாப்பிள்ளையை அதற்குப் பிறகு பார்த்ததில்லை. ஒன்றரை மாதத்தில் மருத்துவமனை. நோயின் பெயர் தெரிந்தபின் வீட்டில் எல்லாரும் பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். “கல்யாணத்தப்பவே ஆரம்பிச்சிருச்சுடா. நமக்குத்தான் தெரியலை.”

“அந்த ஒரு வரியில என் கல்யாணத்தையே எடுத்துக்கிட்டாங்க” என்றார் அவர். “அன்னைக்குச் சிரிச்சது நானா, வியாதியான்னு எனக்குத் தெரியலை. வியாதின்னா, அப்ப தாலி கட்டுனது யாரு?”

இதை அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். நோய்க்குப் பெயர் வைப்பது சிகிச்சைக்கு அவசியம். ஆனால் பெயர் வந்த கையோடு, ஒருவரின் கடந்த காலம் முழுவதும் மறு விசாரணைக்கு வருகிறது. கல்லூரியில் ஒரே இரவில் எழுதி முடித்த நாடகம், திடீரென்று வேலையை விட்டுக் கடை போட்ட துணிச்சல், காதலைச் சொன்ன வேகம் என்று எல்லாமே அறிகுறிப் பட்டியலுக்குப் போகின்றன. மிஞ்சுவது என்ன? மாத்திரை போட்டபின் இருக்கும் நிதானமான ஆள். அவரைத் தனக்கு அறிமுகமே இல்லை என்கிறார்கள் பலர். நியூசிலாந்தில் மரீ இண்டர் குழுவினர் 2008-ல் வெளியிட்ட ஆய்வும் இதே குரல்களைப் பதிவுசெய்தது. இளவயதிலேயே நோய் வந்தவர்களுக்கு, தான் யார் என்பது உருவாகும் பருவமே ஏற்ற இறக்கங்களில் கழிந்துவிடுகிறது. நோய்க்கு முந்தைய ‘நான்’ என்று திரும்பிப்போக அவர்களுக்கு ஓர் இடமே இல்லை.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே ரெட்ஃபீல்டு ஜேமிசன் இந்த நோய் குறித்த பெரிய பாடநூலை ஃபிரெடெரிக் குட்வினோடு சேர்ந்து எழுதியவர். 1995-ல் ‘ஆன் அன்கொயட் மைண்ட்’ என்ற நூலில், அந்த நோய் தனக்கே இருப்பதை வெளியிட்டார். லித்தியம் தன் உயிரைக் காப்பாற்றியது என்று தெரிந்தே அதை ஆண்டுக்கணக்கில் எதிர்த்ததை அவர் மறைக்கவில்லை. 1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் வெளியிட்ட கட்டுரையால் மருத்துவத்துக்குள் வந்த அந்த எளிய உப்பு, அவருடைய கொந்தளிப்பை அடக்கியது. கூடவே, கொந்தளிப்பில் மட்டும் கிடைத்த ஒளியையும் எடுத்துக்கொண்டது. மாத்திரையை நிறுத்தியபோதெல்லாம் நோய் திரும்பி வந்தது, ஒருமுறை உயிரையே விடத் துணிந்தார். மாத்திரையை நிறுத்துகிறவர்களைப் ‘பொறுப்பில்லாதவங்க’ என்று திட்டுமுன் அவர்கள் எதைத் தேடிப்போகிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். நிறுத்தவே கூடாது என்பதில் மாற்றமில்லை. ஆனால் அந்த ஏக்கத்தை மருத்துவரிடம் பேச வழியிருந்தால், ரகசியமாக நிறுத்துவது குறையும்.

என் உறவினரிடம் நான் சொன்னது இதுதான். நாதஸ்வரக்காரருக்கு இரண்டு மடங்கு கொடுத்ததில் நோய் இருந்திருக்கலாம். கொடுக்கத் தோன்றிய மனம் அவருடையது. கஞ்சனுக்குப் பித்து ஏறினால் அவன் வேறுவிதமாகத்தான் ஆடுவான்.

சிகிச்சையே ஞாபகத்தைத் தொடும்போது

மின்னதிர்வு சிகிச்சையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1938-ல் ரோமில் தொடங்கிய இந்த முறை, கடுமையான மனச்சோர்வில் இன்றும் உயிர்காக்கும் சிகிச்சை. சினிமாவில் காட்டுவதுபோலக் கட்டிப்போட்டுச் செய்வதல்ல. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் அதைச் செய்வதை நம் நாட்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 தடைசெய்கிறது. ஆனால் ஞாபக இழப்பு உண்மை. பெரும்பாலோருக்குச் சிகிச்சை நடந்த வாரங்களைச் சுற்றியுள்ளவை மட்டும் மங்கும். சிலருக்கு அதற்கு முந்தைய மாதங்களும் திரும்பாமல் போகின்றன. பிரிட்டனில் டயானா ரோஸ் குழுவினர் 2003-ல் நோயாளிகளின் சொந்த அனுபவங்களைத் தொகுத்தபோது, குறைந்தது மூன்றில் ஒருவர் நீடித்த ஞாபக இழப்பைச் சொன்னார்கள். டயானா ரோஸே அந்தச் சிகிச்சையைப் பெற்றவர். ‘குணமாயிட்டீங்க, அப்புறம் என்ன?’ என்று அந்த இழப்பைத் தள்ளிவிடுவது தவறு. மகளின் முதல் பிறந்தநாள் ஞாபகத்தில் இல்லாத தாய்க்கு அது சின்ன விஷயம் இல்லை. சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போதே இதைத் தெளிவாகச் சொன்னால், குடும்பம் படங்களையும் குறிப்புகளையும் முன்கூட்டியே சேர்த்துவைக்க முடியும்.

நுணுக்கமான ஞாபகம் எல்லாரையும் காக்கும் என்றும் சொல்ல முடியாது. வர்ஜீனியா உல்ஃப் 1939 ஏப்ரலில், அக்கா வனெசா வற்புறுத்தியதால் தன் நினைவுகளை எழுதத் தொடங்கினார். முதல் ஞாபகமே அம்மாவின் உடையில் இருந்த சிவப்பும் ஊதாவுமான பூக்கள். கறுப்புத் துணியில், மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் கண்ணுக்கு வெகு அருகில். அடுத்தது, செயின்ட் ஐவ்ஸ் கடற்கரை வீட்டில் மஞ்சள் திரைக்குப் பின்னாலிருந்து கேட்ட அலை ஓசை. இவ்வளவு கூர்மையாகத் தன் குழந்தைப் பருவத்தைத் தொட்டவர்கள் குறைவு. எழுதும்போது அன்றைய தேதியையும் போட்டுக்கொண்டார், நிற்கும் இடத்தைப் பொறுத்துக் கடந்த காலம் நிறம் மாறும் என்று அறிந்திருந்ததால். இளவயதிலிருந்தே மனநிலைக் கோளாறின் ஏற்ற இறக்கங்களோடு வாழ்ந்தவர், 1941 மார்ச்சில் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தக் குறிப்புகள் முற்றுப்பெறவில்லை. அவற்றைப் படிக்கும்போது, ஞாபகம் மருந்தாகுமா என்ற கேள்வியை நான் அந்தப் பக்கங்களிடம் கேட்பதில்லை. அது இல்லாமல் அவர் எப்படித் தாக்குப்பிடித்திருப்பார் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

மன உபாதையை உள்ளேயிருந்து எழுதும் வேலையைத் தமிழில் செய்தவர் கோபி கிருஷ்ணன். மனநலத் துறையில் பணியாற்றியவர், தானும் மன உபாதையோடு வாழ்ந்தவர். ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ நூலில் மனநல மருத்துவமனையில் இருந்தவர்களின் பேச்சை அவரவர் பேச்சாகவே வைத்தார். நோயின் பெயருக்குப் பின்னால் ஆளைத் தொலைக்காத புத்தகம் அது. மனநலம் படிக்கும் நம் மாணவர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்.

ஏனென்றால் இங்கே கேட்கப்படாத குரல்களே அதிகம். 2015-16-ல் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவர் வாழ்நாளில் மனச்சோர்வைச் சந்திக்கிறார்கள். அவர்களில் நூற்றுக்கு சுமார் 85 பேர் சிகிச்சைக்கு வெளியே இருக்கிறார்கள். உயிரை விடத் தோன்றினாலோ, வீட்டில் யாருக்காவது அப்படித் தோன்றுகிறது என்ற சந்தேகம் வந்தாலோ, 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், தமிழக அரசின் 104-லும் எந்த நேரமும் பேசலாம்.

குணமாகி இருக்கும் காலத்தில் செய்யக்கூடிய ஒன்று, பலருக்குத் தெரியாமலே கிடக்கிறது. அதே 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவு, வயதுவந்த எவரும் தன் சிகிச்சை குறித்து முன்கூட்டியே எழுதிவைக்க உரிமை தருகிறது. எப்படிக் கவனித்துக்கொள்ள வேண்டும், எதைச் செய்யக் கூடாது, தன் சார்பில் பேச யாரை நியமிப்பது என்பதை இரண்டு சாட்சிகளோடு எழுதி, மனநல மறுஆய்வு வாரியத்தில் பதிவுசெய்யலாம். அவசர சிகிச்சையை அது கட்டுப்படுத்தாது. மருத்துவரோ உறவினரோ மாற்றக் கோரினால் வாரியம்தான் முடிவெடுக்கும். மற்றபடி அதற்குச் சட்ட மதிப்பு உண்டு. என் உறவினர் போன வருடம் எழுதினார், மனைவியைப் பிரதிநிதியாகப் போட்டார். மருந்துகளின் பெயர், ஒத்துக்கொள்ளாத ஊசி எல்லாம் எழுதியபின், சட்டம் கேட்காத சில பக்கங்களையும் பின்னால் இணைத்திருக்கிறார். அதில் இருப்பவை தேதிகள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே இரண்டு மூன்று வரி. நான் பார்த்தவரை முதல் பக்கத்தில் 19 தேதிகள் இருந்தன. கல்யாண நாள் அதில் ஏழாவது.